'வரைவியல்' வேண்டாம், உள்ளே எதைச் செலுத்துகிறோம் என்பது பெயரில் வரட்டும்

வணக்கம்.

உங்கள் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ஹிஸ்டெரோசால்பிங்கோகிராஃபிக்கு (கருப்பையையும் கருக்குழாய்களையும் காட்டும் எக்ஸ்ரே பரிசோதனை) நீங்கள் முன்வைத்த 'கருப்பை-கருக்குழாய் வரைவியல்' எனக்கு ஒப்பவில்லை. இயல் என்றால் துறை, இது ஒரு பரிசோதனை. அதோடு கருப்பையின் உள்ளறையை ஸ்கேனில் பார்க்கும் சோனோஹிஸ்டெரோகிராஃபியும் இதே வழியில் 'கருப்பை ஒலிவரைவியல்' ஆகிவிடும், அப்புறம் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

முதலாவதில் கருப்பை வாய் வழியாக அயோடின் சேர்ந்த திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். திரவம் நிறைந்த உள்ளறை முக்கோணமாகத் தெரியும், மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் நூல் போலக் கருக்குழாய்கள் ஓடும், அடைப்பு இல்லையென்றால் அவற்றின் நுனியில் திரவம் வயிற்றுக்குள் சிந்துவதும் தெரியும். இரண்டாவதில் செலுத்துவது உப்புநீர், எக்ஸ்ரே கிடையாது, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப்பும் (சிறு சதை வளர்ச்சி) நார்க்கட்டியும் சாதாரண ஸ்கேனைவிட இதில் தெளிவாகத் தெரியும். ஆகவே என் பரிந்துரை: 'கருக்குழாய்ச் சாயப்படம்', 'உப்புநீர் ஸ்கேன்'. சாயம் என்றால் கறை படியுமோ என்று பயப்படுவார்களே என்பது நியாயமான கேள்விதான், ஆனால் 'டை டெஸ்ட்' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் புழங்குகிறது, 'கான்ட்ராஸ்ட் மீடிய'த்தை அப்படியே பெயர்த்த 'மாறுபாட்டு ஊடகம்' யாருக்கும் எதையும் சொல்லாது.

பிறவி அமைப்புக் குறைகளின் பெயர்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நடுவே தடுப்புள்ளதைத் 'தடுப்புக் கருப்பை' என்றும், மேற்பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும் பைகார்னுவேட்டை 'இருகொம்புக் கருப்பை' என்றும் வைப்போம். பட்டியலில் பின்னதற்கு 'இரட்டைக் கருப்பை' என்று இருக்கிறது, அது இரண்டு தனித்தனிக் கருப்பைகளாக இருக்கும் டைடெல்ஃபிஸுக்கு உரியது, தயவுசெய்து மாற்றுங்கள். சாயப்படத்தில் தடுப்பும் இருகொம்பும் ஒன்றுபோலவே இரண்டாகப் பிளந்து தெரியும், ஏனென்றால் அந்தப் படம் உள்ளறையை மட்டுமே காட்டுகிறது. பானைக்குள் இருக்கும் நீரின் வடிவத்தை வைத்துப் பானையின் வெளிப்பக்கம் எப்படி என்று சொல்ல முடியாது, அந்த மாதிரி. வெளி விளிம்பில் பள்ளம் இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனோ எம்ஆர்ஐயோதான் காட்டும். பள்ளம் இல்லையென்றால் அது தடுப்பு, தேவைப்பட்டால் உள்வழியாகக் கருவி விட்டு வெட்டலாம். இருகொம்பைத் தடுப்பென்று எண்ணி வெட்டினால் கருப்பைச் சுவரே ஓட்டையாகிவிடக்கூடும். பெயர் மாறினால் சிகிச்சையே மாறுகிறது.

கருப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பிக்குக் 'கருப்பை அகநோக்கல்' சரி, அதைத் தொட வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஃபண்டஸ், அதாவது கருப்பையின் மேல் வளைவுப் பகுதி. லத்தீனில் அதற்கு அடி என்று பொருள், ஆனால் கருப்பையில் அது மேலே இருக்கிறது, 'அடி' என்று பெயர்த்தால் கருப்பை வாய்ப் பக்கம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நான் 'முகடு' என்கிறேன், இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.