பொருள்: வரைகலை அட்டைத் தணிப்பு உறுப்புகளுக்குச் சொற்கள் – வெள்ளிக்குள் வேண்டும்

எழுதியவர்: பட்டறை

குழுவினர்க்கு வணக்கம். கணினிப் பழுதுநீக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேட்டில் ஒரே ஓர் இயல் பாக்கி. விளையாட்டுக் கணினியின் வரைகலை அட்டைக்கு (கிராபிக்ஸ் கார்டு) சூடு தணிக்கும் உறுப்புகளை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற இயல். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும், சொற்களுக்காக நிற்கிறது.

சூடு போகும் வழியிலேயே உறுப்புகளைச் சொல்கிறேன். அட்டையின் சில்லு (சிப்), அதன் முதுகில் தெர்மல் பேஸ்ட். அதன் மேல் செப்பு அடித்தட்டு. அதிலிருந்து கிளம்பும் ஹீட் பைப்புகள். அவை கோத்துக்கொண்டு போகும் ஹீட் சிங்க், அதன் மெல்லிய ஃபின்கள். மேலே விசிறிகள். பக்கத்து நினைவகச் சில்லுகளுக்கு தெர்மல் பேட். தண்ணீர் வைத்த அமைப்பு என்றால் வாட்டர் பிளாக், பம்ப், ரேடியேட்டர். அட்டை கனத்தால் தொங்காமலிருக்க அடியில் ஒரு தாங்கல். மொத்தத்துக்கும் பெயர் கூலர்.

என் வரைவில் இப்போது இருப்பவை: குளிரூட்டி, வெப்பப் பசை, வெப்பக் குழாய், வெப்பத் தேக்கி, வெப்பத் திண்டு, கதிர்வி. சரிதானா?

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

பட்டறையாருக்கு, குளிரூட்டி கூடாது. குளிரை ஊட்டுவது ஏசியும் பிரிட்ஜும். உங்கள் அட்டையின் மேல் இருப்பது காற்றாலோ நீராலோ சூட்டைக் கொண்டுபோய் அறைக்குள் விடுகிறது, அவ்வளவே. எத்தனை விசிறி வைத்தாலும் சில்லு அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. கோடையில் 38 பாகை அறையில் உட்கார்ந்து விளையாடுகிறவனுக்கு இதைத்தான் நீங்கள் முதலில் சொல்லித்தர வேண்டும். ஆகவே தணித்தல். தணிப்பி என்று வையுங்கள்.

எழுதியவர்: வேர்ச்சொல்

தணித்தல் என்பதை வழிமொழிகிறேன். தண் என்னும் வேர் எத்தனை வளமானது பாருங்கள்: தண்மை, தண்ணீர், தணிவு, தண்டலை. தணல்கூட இதில் பிறந்ததே. தழல் தணிந்தால் தணல். கொழுந்துவிட்டு எரிந்த சில்லைத் தணலாக்கி வைக்கும் கருவி ஆதலின் தணலி எனலாம். சுருக்கமும் அழகும் ஒருங்கே அமைகின்றன.

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

தணலி என்று அச்சிட்டால் பிள்ளைகள் கணினிக்குள் கரி போட்டு வைப்பார்கள். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியரே கைவிரித்த இடத்தில் நீங்கள் ஏன் கொள்ளிக்கட்டையோடு நுழைகிறீர்கள்?

எழுதியவர்: பனங்கூடல்

வணக்கம். தணிப்பி எண்டால் எனக்கு ஒரு சந்தேகம். வி, பி இரண்டும் பிறவினை விகுதி எண்டுதானே படிச்சனாங்கள்? படிப்பி, நடப்பி மாதிரி. தணிப்பி எண்டு ஒரு பொடியனுக்குச் சொன்னால், "யாரைக்கொண்டு தணிப்பிக்கிறது?" எண்டு கேட்பான். அதைவிடத் தணிப்பான் நல்லது. எங்கட பக்கத்துக் கணனிப் புத்தகங்களில் ஆன் ஈறு பழகின ஒண்டு.

எழுதியவர்: வேர்ச்சொல்

கணனி அன்று, கணினி.

எழுதியவர்: பனங்கூடல்

இது தொடங்கினால் வெள்ளிக்கிழமை முடியாது ஐயா. விட்டிடுங்கோ.

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

பனங்கூடலார் இலக்கணத்தைச் சரியாகப் பிடித்தார். ஆனால் தணிப்பான் மட்டும் என்ன வாழ்கிறது? அது எதிர்கால வினைமுற்று. 'தணிப்பான் தணிப்பான்' என்று எழுதினால் முதலாவது கருவி, இரண்டாவது ஆண்பால். நம் முன்னோர் வினையடியோடு நேராக இகரத்தைச் சேர்த்தார்கள்: விசிறு–விசிறி, மூடு–மூடி, மண்வெட்டு–மண்வெட்டி. அந்த முறையில் தணியோடு இகரம் சேர்ந்தால் தணி என்றே நிற்கும். கருவிக்கே 'தணி' என்று பெயரிடலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எழுதியவர்: ஈயப்பற்று

எல்லாருக்கும் வணக்கம். நான் கடையில சால்டரிங் அயர்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதை எழுதறேன். யாராவது "பழையன கழிதலும்"னு ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

கூலருக்கு என்ன பேர் வேணா வைங்க. அதைத் தப்பாப் புரிஞ்சுகிட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது. தெர்மல் பேஸ்டைப் பசைன்னு போடாதீங்க. பசைன்னா ஒட்டறது. இது ஒட்டறதுக்கு இல்ல. சில்லும் செப்பும் பார்க்க வழவழன்னு இருந்தாலும் ரெண்டுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கும், அதுல காத்து நிக்கும். செம்பு சூட்டைக் கடத்தறது 400ன்னா, அலுமினியம் 235க்குப் பக்கம். நிக்கற காத்து 0.03கூட வராது. நல்ல பேஸ்ட் ஒற்றை இலக்கம், மிஞ்சினா பத்தைக் கொஞ்சம் தாண்டும். செம்பு பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல, ஆனா காத்துக்கு அது ராஜா. அந்தக் காத்தைத் துரத்தத்தான் பேஸ்ட். நிஜமாவே ஒட்டற தெர்மல் பசைன்னு தனியா ஒண்ணு விக்குது. பையன் கையேட்டைப் பார்த்துட்டு அதை வாங்கிப் போட்டான்னா, அடுத்த தடவை ஹீட் சிங்கைக் கழட்டும்போது சில்லும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வரும்.

எழுதியவர்: பட்டறை

இது முக்கியம் அண்ணா. பசையை எடுத்துவிட்டேன். மாற்று?

எழுதியவர்: பனங்கூடல்

களிம்பு. புண்ணுக்குப் பூசுற களிம்பு ஒட்டாது, பரவும்.

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

பூசும் இடத்தை யோசித்தீர்களா? செம்பு. செம்பில் களிம்பு என்றால் சைவ சித்தாந்தம் படித்தவனுக்கு ஆணவ மலம் நினைவுக்கு வரும். செம்போடு உடன்பிறந்த பச்சைக் கறை. உயிரோடு அநாதியாக ஒட்டிய மலத்துக்கு ஆசிரியர்கள் காட்டும் உவமை. அதைப் பணம் கொடுத்து வாங்கிச் செம்பின் மேல் பூசச் சொல்வது முறையா?

எழுதியவர்: வேர்ச்சொல்

ரசவாதத்தால் செம்பின் களிம்பு நீங்கிப் பொன்னாவதும் அதே உவமையின் மறுபாதி. நூல் நெறிப்படி களிம்பு நீக்கத்தக்கது, பூசத்தக்கதன்று. குழைமம் என்க. குழை, குழைவு, குழம்பு என்னும் வரிசையில்...

எழுதியவர்: ஈயப்பற்று

குழம்பு வேண்டாம் சாமி. ஏற்கெனவே சில பேர் இட்லிக்கு ஊத்தற மாதிரிதான் ஊத்தறாங்க.

களிம்பு நல்லா இருக்கு. மருந்துக் கடையில கேக்கற வார்த்தை, எப்படிப் பூசணும்னும் அதுலயே இருக்கு. பழைய களிம்பைத் துடைச்சுட்டுத்தான் புதுசு போடணும், அதனால உங்க நீக்கத்தக்கதும் வந்தாச்சு. இன்னொண்ணு: காலியம் கலந்த திரவ உலோகத்தையும் இதே பக்கத்துல எழுதப்போறீங்கன்னா, அலுமினியத்துல பட்டா அதை அரிச்சிடும்னு தடிச்ச எழுத்துல போடுங்க. செம்பு, நிக்கல் பூச்சுன்னா பரவாயில்ல.

எழுதியவர்: பட்டறை

நல்லது. அடுத்து ஹீட் சிங்க். வெப்பத் தேக்கி பல இடங்களில் புழங்குகிறது. அப்படியே விடலாமா?

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

விடலாகாது. நீர்த்தேக்கம் நீரை வைத்துக்கொள்ளும். இது சூட்டை வைத்துக்கொண்டால் சில்லு என்னாவது? ஒரு கையால் வாங்கி மறு கையால் காற்றுக்குக் கொடுப்பதே இதன் தொழில். அத்தனை தகடுகளாகச் சீவி வைத்திருப்பது காற்று படும் பரப்பு பெருகத்தான். தேக்கி என்று படித்த மாணவன் கனமான உலோகக் கட்டியே சிறந்தது என்று நினைப்பான். தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தால் என்ன நேரும் என்பது அவனுக்குத் தோன்றாது. வடிகால் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தேங்காமல் ஓடச் செய்வது. வெப்ப வடிகால், அல்லது வடிப்பி.

எழுதியவர்: பனங்கூடல்

வடிப்பியில் திரும்பவும் 'பி' வருகுது.

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

வடிகால் என்றே இருக்கட்டும்.

எழுதியவர்: வேர்ச்சொல்

வடிகால் சாக்கடையை நினைவூட்டுகிறது. வெப்பமடு என்று முன்மொழிகிறேன். மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. மூலச்சொல்லின் கருத்தும் நீர் இறங்கும் பள்ளமே.

எழுதியவர்: ஈயப்பற்று

மாட்டு மடுன்னு நினைப்பாங்க.

எழுதியவர்: பனங்கூடல்

ஃபின்னுக்குச் செட்டை எண்டு போடலாம். மீனின்ர செட்டை. துடுப்பு எண்டால் வள்ளம் வலிக்கிறது.

எழுதியவர்: பட்டறை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செட்டை புரியாது, உங்கள் ஊருக்குத் துடுப்பு ஆகாது. 'தகடு' என்று எழுதிவிடுகிறேன். வெப்பக் குழாயை எல்லாரும் ஒப்புக்கொள்கிறீர்களா?

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

ஒப்பலாம். லாஸ் அலமோசில் 1963இல் அதைச் செய்துகாட்டியவர்கள் வைத்த பெயரும் அதுவே. ஆனால் உள்ளே நடப்பதை ஒரு வரி எழுதுங்கள்: காற்று நீக்கி மூடிய செப்புக் குழாய்க்குள் துளி நீர், சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, உட்சுவரின் திரி வழியே திரும்பும். இல்லாவிட்டால் உள்ளே வெந்நீர் ஓடுகிறது என்றே நினைப்பார்கள். இதே வேலையைத் தட்டையான கலமாகச் செய்யும் வேப்பர் சேம்பருக்கு ஆவிக்கலம்.

எழுதியவர்: ஈயப்பற்று

ஆவிக்கலம் சூப்பர். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்த புதுசுல, 2023 ஜனவரியில, ஏஎம்டி நிறுவனமே ஒத்துக்கிட்டது: கொஞ்சம் அட்டைகள்ல அந்தக் கலத்துக்குள்ள தண்ணி போதுமான அளவு இல்லன்னு. சில்லுல ரொம்பச் சூடான இடம் 110 பாகையைத் தொட்டு வேகம் தானா இறங்குச்சு. உள்ள தண்ணி இருக்குன்னே பாதிப் பேருக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

திண்டைப் பத்தியும் எழுதிடறேன். பேர் ஓகே. ஆனா வாங்கும்போது பிராண்டைப் பாக்கறதுக்கு முன்னாடி தடிமனைப் பாக்கணும். 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர்னு வரும். போன வாரம் ஒரு பையன் ஆர்டிஎக்ஸ் 3090 அட்டை கொண்டுவந்தான். அதுல நினைவகம் பின்பக்கமும் பாதி இருக்கும், நல்லாவே கொதிக்கும், அதனால திண்டு மாத்தறது தப்பில்ல. ஆனா 1 போட வேண்டிய இடத்துல 2 போட்டிருந்தான். பிரிச்சுப் பார்த்தா சில்லு மேல களிம்பு ஒரு ஓரத்துல மட்டும் நசுங்கி இருக்கு, மீதி அப்படியே பிதுக்கின கோடா நிக்குது. செப்பு தொடவே இல்ல. நினைவகம் ஜில்லுனு இருந்துச்சு, சில்லு வெந்துபோச்சு.

எழுதியவர்: பனங்கூடல்

வெப்ப ஒத்தடம் எண்டு வைச்சிருக்கலாம்.

எழுதியவர்: வேர்ச்சொல்

விசிறியை யாரும் தொடவில்லையே. விசிறி பிற்காலச் சொல். ஆண்டாள் "உக்கமும் தட்டொளியும்" என்கிறாள். உக்கம் என்னும் தூய பழஞ்சொல் இருக்க நாம் ஏன்...

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

அடுத்த வரியிலேயே "எம்மை நீராட்டேலோர் எம்பாவாய்" என்றும் இருக்கிறது. தண்ணீர்த் தணிப்புக்கு நீராட்டு என்று வைத்துக்கொள்வோமா? ஒரே பாசுரத்தில் இயலே முடிந்துவிடும்.

விசிறி இருக்கட்டும். ஆனால் சூடு குறைவாக இருக்கும்போது விசிறி தானே நின்றுவிடும் வசதி ஒன்று உண்டாமே, என் பேரன் சொன்னான். நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து விசிறியைச் சுருக்கி முளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், சிலந்தி நூல் சுற்றிக் கிடக்கிறது. அந்த வசதிக்குக் கூதிர்நிலை என்று பெயர் வைக்க என் ஆசை. யாரும் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும்.

எழுதியவர்: பட்டறை

ஐயா, மனம் கேட்கவில்லை, ஆனால் 'விசிறி ஓய்வு' என்று போட்டுவிட்டேன். புளோவர் வகைக்கு? ஒரே விசிறி காற்றை உள்ளிழுத்து அட்டையின் பின்வாய் வழியே பெட்டிக்கு வெளியே தள்ளும், சத்தமும் போடும். 2003இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட இரைச்சலை என்விடியாவே கேலிப் படம் எடுத்துக் காட்டியது, நினைவிருக்கும். துருத்தி என்று எழுத நினைத்தேன்.

எழுதியவர்: வேர்ச்சொல்

துருத்தி கொல்லனின் தீயை வளர்ப்பது. தணிக்கும் கருவிக்கு அப்பெயர் முரண்.

எழுதியவர்: பனங்கூடல்

அடுப்பை மூட்டவும் அதே வாயாலதான் ஊதுறம், தேத்தண்ணியை ஆத்தவும் அதே வாயாலதான் ஊதுறம். துருத்திக்கு என்ர வாக்கு.

எழுதியவர்: ஈயப்பற்று

துருத்திக்கு என் ஓட்டும். கதிர்விக்கு மட்டும் ஓட்டு கிடையாது. டிராக்டர் மெக்கானிக்கே ரேடியேட்டர்ங்கறாரு.

எழுதியவர்: வெண்பாப்பித்தன்

புரிதலுக்காக மட்டுமல்ல, பொருளாலும் கதிர்வி பொருந்தாது. அங்கே சூடு பெரும்பாலும் காற்றோடு போகிறது, கதிராக அன்று. மூலமொழியின் பிழையை நாம் ஏன் பெயர்த்து வைக்கவேண்டும்? ரேடியேட்டர் என்றே எழுதுங்கள். வடவெழுத்து ஒரீஇ எழுத வழி சொன்ன தொல்காப்பியர் ஆங்கிலச் சொல்லுக்கும் மறுக்கமாட்டார்.

எழுதியவர்: வேர்ச்சொல்

தமிழாசிரியரே ரேடியேட்டருக்கு வாதாடும் நாள் வந்துவிட்டது.

எழுதியவர்: பட்டறை

எல்லார்க்கும் நன்றி. அச்சகத்துக்குப் போகும் பட்டியல்: கூலர் – தணிப்பான் (மூவர் ஒப்புதல், ஒருவர் அரைமனம்), வெப்பக் களிம்பு, வெப்பத் திண்டு, வெப்பக் குழாய், ஆவிக்கலம், வெப்ப வடிகால், அதன் தகடுகள், விசிறி, துருத்தி விசிறி, நீர்க்கட்டை (வாட்டர் பிளாக்), பம்ப், ரேடியேட்டர். அட்டைக்கு அடியில் நிற்பதற்கு 'முட்டு'. ஆர்டிஎக்ஸ் 4090 போல இரண்டு கிலோவைத் தாண்டும் அட்டைகளுக்கு அது வேண்டும், வாழை மரத்துக்குக் கொடுப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் கடைப் பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போடுகிறேன். பிள்ளைகள் ரிச்சி தெருவில் போய்க் களிம்பு கேட்டால் மருந்துக்கடையைக் காட்டிவிடுவார்கள்.

எழுதியவர்: வேர்ச்சொல்

என் மறுப்பைப் பதிவு செய்க. தணிப்பான் வினைமுற்று, களிம்பு மலம், வடிகால் சாக்கடை, ரேடியேட்டர் ரேடியேட்டர். விசிறியைக் குறித்து உக்கம் பற்றிய தனிக் கட்டுரை விரைவில் அனுப்புவேன்.

எழுதியவர்: ஈயப்பற்று

அனுப்புங்க ஐயா, படிக்கறேன். ஒரு சின்ன சந்தேகம் விட்டுப்போச்சு. விசிறியெல்லாம் பொருத்தியிருக்கற அந்த பிளாஸ்டிக் மேல்மூடி, ஷ்ரௌடு, அதைக் கழட்டிட்டு 120 மில்லிமீட்டர் விசிறியை நேரா வடிகால் மேல கட்டற ஆளுங்க இருக்காங்க, சத்தம் நல்லாவே குறையும். அதுக்கு என்ன பேர்?

எழுதியவர்: பனங்கூடல்

கூடு?

எழுதியவர்: வேர்ச்சொல்

போர்வை. போர் என்னும் வினையடி...

எழுதியவர்: பட்டறை

அச்சகம் கூப்பிடுகிறது. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.