சிறிய நாடுகளின் புத்தாக்கக் கொள்கை: வரவழைப்பதா, வளர்த்தெடுப்பதா?
(அளவுகோல், கலங்கரை என்னும் இருவரின் உரையாடல்)

அளவுகோல்:
சிறிய வளரும் நாடுகள் கையிலுள்ள சொற்பப் பணத்தைச் சொந்த ஆராய்ச்சிக்கூடங்களில் போடாமல், தொழில்நுட்பம் உள்ள பன்னாட்டு நிறுவனங்களை வரவழைப்பதில்தான் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. காப்பியையும் வாழைப்பழத்தையும் நெடுங்காலம் நம்பியிருந்த கோஸ்டாரிக்கா, 1996இல் கணினிச் சில்லு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் ஆலைக்கு அந்நாட்டைத் தேர்ந்தெடுத்த பின் மின்னணுப் பொருள்களைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கூடம் கட்டிய பல நாடுகளோ, தாம் பயிற்றுவித்த அறிவியலாளர்கள் வெளிநாடு செல்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கலங்கரை:
கதையின் பிற்பாதியையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனம் 2014இல் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் பிரிவை மூடி ஆசியாவுக்குக் கொண்டுபோனபோது ஏறத்தாழ 1,500 பேர் வேலையிழந்தனர். வந்தவர் போகும் உரிமையும் பெற்றே வருகிறார்.

உருகுவே வேறு வழியில் சென்றது. 2001இல் கோமாரி நோய் பரவி மாட்டிறைச்சிச் சந்தைகளை இழந்த அந்நாடு, 2006 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றின் காதிலும் மின்னணு அடையாள வில்லை பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. எந்த மாடு எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எங்கெங்கு மாற்றப்பட்டது என்பதை வாங்குபவருக்கு இன்று அதனால் காட்ட முடிகிறது. அங்குள்ள தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உற்பத்தியாளர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கைச் செலுத்த, அரசும் அதற்கு ஈடான தொகையைச் சேர்க்கிறது. பணம் தருபவரே கேள்வியையும் கேட்பதால் அந்த ஆராய்ச்சி பண்ணையை விட்டு விலகிவிடுவதில்லை.

அளவுகோல்:
வேலையிழந்தவர்களைப் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பொறியியல், வடிவமைப்புப் பணிகள் கோஸ்டாரிக்காவிலேயே தொடர்ந்தன. மருத்துவக் கருவிகள் இன்று அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக உள்ளன, அவற்றைத் தயாரிப்பவையும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களே. உருகுவேயின் வில்லைத் தொழில்நுட்பமும் அங்கே பிறந்ததன்று. கடன் வாங்கிய அறிவைத் திறமையாகப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

கலங்கரை:
வில்லையை விலைக்கு வாங்கலாம். அதற்கான சட்டத்தையும் பதிவேட்டையும், பண்ணையாளர்களின் ஒத்துழைப்பையும் வாங்க முடியாது. இதைத்தான் நான் உள்நாட்டுத் திறன் என்கிறேன். கோஸ்டாரிக்காவும் 1948இல் இராணுவத்தைக் கலைத்த பிறகு பல பத்தாண்டுகள் கல்விக்குச் செலவிட்டதால்தான் இன்டெல்லுக்கு வேண்டிய பணியாளர்களைக் காட்ட முடிந்தது. கியூபாவோ 1986இல் மரபணுப் பொறியியல் மையத்தைத் திறந்தது. 2021இல் தன் மக்களுக்குச் சொந்தக் கோவிட் தடுப்பூசியைப் போட்டது.

அளவுகோல்:
கல்வி முதலில் என்பதை ஏற்கிறேன். கியூபாவின் பாதையை ஏற்கவில்லை: அங்கே ஆய்வகத்தின் வெற்றி நாட்டின் வறுமையை நீக்கவில்லை.

கலங்கரை:
அது நியாயமான மறுப்பு. அப்படியானால் பன்னாட்டு நிறுவனங்களை வரவழைக்கச் செய்துகொள்ளும் வரிச்சலுகை ஒப்பந்தத்திலேயே உள்ளூர்ப் பொறியாளர்களுக்குப் பயிற்சி, உள்ளூர் நிறுவனங்களிடம் கொள்முதல் ஆகிய இரண்டையும் நிபந்தனையாக எழுதச் சம்மதிப்பீர்களா?

அளவுகோல்:
பயிற்சியை எழுதலாம். கொள்முதலைக் கட்டாயமாக்கினால், பேரம் பேசும் வலுவில்லாத சிறிய நாட்டை விட்டுவிட்டு நிறுவனம் அடுத்த நாட்டுக்குப் போய்விடும் என்றே அஞ்சுகிறேன்.