‘லே ஷான்செலிசே’ மெட்டு யார் வீட்டுச் சொத்து?

கெடிலக்கரை:
ஜூன் 21 இசைத் திருநாளில் புதுவை கடற்கரைச் சாலையில் யாரோ பிரெஞ்சுப் பாடகர் ஜோ தாசேனின் ‘லே ஷான்செலிசே’ பாடினார்களாம். பாடட்டும், நல்ல பாட்டுதான். ஆனால் அதைப் பற்றி நம்ம புல்வார்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. “பாரிஸ் மண்ணில் பிறந்த மெட்டு, இப்படி ஓர் உற்சாகம் இங்கிலீஷ்காரனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது” என்கிறார். ஐயா, அந்த மெட்டைப் போட்டதே இங்கிலீஷ்காரன். மைக் வில்ஷ், மைக் டெய்கன் என்று இரண்டு பேர் எழுதினார்கள், ஜேசன் கிரெஸ்ட் என்ற குழு 1968இல் ‘வாட்டர்லூ ரோடு’ என்ற பெயரில் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. வாட்டர்லூ ரோடு இருப்பது லண்டனில், தேம்ஸுக்குத் தெற்கே. 1969இல் பியேர் தெலனோவே பிரெஞ்சு வரி எழுதிக் கொடுக்க, தாசேன் பாடினார். லண்டன் தெருவைத் தூக்கிவிட்டு ஷான்செலிசே என்ற பாரிஸ் தெருவை வைத்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

புல்வார்வாசி:
வந்துட்டாரு கடலூர் கலெக்டர். அந்த ‘வாட்டர்லூ ரோடு’ தட்டை லண்டனிலேயே எத்தனை பேர் சீந்தினார்கள்? தாசேன் பாடியதை ஜப்பான்காரன் வரைக்கும் பாடுகிறான். 2014இல் ஸாஸ் என்ற பாடகி திரும்பப் பாடினார். 2007இல் வந்த ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ படமே நம்ம நாட்டு ரயிலில் நடக்கிற கதை, அது முடியும்போது ஒலிப்பது தாசேன் குரல், உங்கள் ஜேசன் கிரெஸ்ட் இல்லை. மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன, உயிர் கொடுத்தது பிரெஞ்சுதானே.

கெடிலக்கரை:
நேற்று “பாரிஸ் மண்ணில் பிறந்த மெட்டு”, இன்றைக்கு “எங்கிருந்து வந்தால் என்ன”. சரி, உயிர் கொடுத்த அந்தக் குரலையும் பார்ப்போம். தாசேன் 1938இல் பிறந்தது நியூயார்க்கில். அப்பா ஜூல்ஸ் தாசேன் ஹாலிவுட் இயக்குநர், அங்கே கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியதால் ஐரோப்பாவுக்கு வந்தவர். மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஆக மெட்டு லண்டன், குரல் அமெரிக்கா, மிச்சம் தெலனோவே வரி. அந்த மெட்டு வாட்டர்லூ ரோட்டில் பிறந்தது, பாரிஸில் இல்லை.

வாத்தியாரம்மா:
ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பாட்டு என்று நீங்கள் சொல்வது மெட்டையா, வரியையா, பாடின விதத்தையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும். மனசைத் திறந்துவைத்துத் தெருவில் நடக்கிறவன் யாரோ ஒரு பெண்ணுக்கு வணக்கம் சொல்கிறான், ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டு, விடிந்தால் இருவரும் காதலர்கள். இந்தக் கதை தெலனோவே கொடுத்தது. எளிய வாக்கியங்கள் என்பதால் பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கெடிலக்கரை:
மேடம், வகுப்பில் பாடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? மெட்டு வாட்டர்லூ ரோடு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சொல்தா பேரன்:
இங்கிலீஷ்காரன் என்ன யோக்கியமா? ‘மை வே’ யாருடையது? 1967இல் குளோத் பிரான்சுவா பாடிய ‘கொம் தபித்யூத்’. அதற்கு பால் ஆங்கா இங்கிலீஷ் வரி எழுதி, சினாட்ரா பாடி 1969இல் வெளிவந்தது. அதே 1969! அப்போது உங்களுக்குச் சோறு இறங்கியதா?

புல்வார்வாசி:
அப்படிப் போடுங்க தம்பி.

கெடிலக்கரை:
‘மை வே’ அமெரிக்கத் திண்ணையில் பிறந்தது என்று நான் எப்போதாவது எழுதினேனா? பேச்சை மாற்ற வேண்டாம். தாசேனை எடுத்தீர்கள், தாசேனோடு நிற்போம். 1975இல் வந்த ‘லெத்தே அந்தியன்’, அவருடைய இன்னொரு பெரிய வெற்றி. அதன் மெட்டு இத்தாலிக்காரர் டோட்டோ கூட்டுன்யோவுடையது. அங்கேயும் வரியில் தெலனோவே இருக்கிறார். மெட்டு வெளியே, வரி வீட்டில் என்று அவர்களே கூச்சப்படாமல் செய்த தொழில் இது. நம்ம ஊரிலும் ஐம்பதுகளில் இந்தி மெட்டுக்குத் தமிழ் வரி எழுதிப் பாடினார்கள், யாரும் அதைத் திருவையாற்றில் பிறந்த மெட்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெயரையாவது யோசியுங்கள். வாட்டர்லூ! 1815இல் நெப்போலியன் தோற்ற ஊரின் பெயர். அந்தப் பெயரில் வந்த பாட்டை வாங்கிப் பாடிவிட்டு அதில் பிரெஞ்சுப் பெருமை வேறு.

புல்வார்வாசி:
வாரக் கடைசியானால் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு எதற்கு வருகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாமே. போன முறை கடலூர் வெள்ளிக் கடற்கரையை மெரினாவோடு வைத்துப் பேசியவரும் இவர்தான், நான் மறக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரான்:
கடற்கரையை ஏன் சார் இழுக்கிறீர்கள்? உங்கள் கடற்கரையில் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள், எங்களுடையதில் மணல் இருக்கிறது. நான் தாசேனைக் கேட்டதே இல்லை, ஆனாலும் அண்ணன் சொல்வது சரி.

சொல்தா பேரன்:
கேட்டதே இல்லை, தீர்ப்பு மட்டும் ரெடி. என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீட்டில் தாசேன் ஓடாத ஞாயிறு கிடையாது. இங்கிலீஷ்காரன் கோட்டை வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் புரியாது.

கெடிலக்கரை:
கோட்டையா? நல்லதாப் போச்சு, நீங்களே எடுத்தீர்கள். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிடித்து இடித்துத் தள்ளியது யார்? உங்கள் பிரெஞ்சுத் தளபதி லாலி. ஊரான் கோட்டையை இடிப்பது, ஊரான் மெட்டை எடுப்பது, இரண்டும் ஒரே பழக்கம்தான்.

புல்வார்வாசி:
1761இல் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியது யார் என்பதையும் எழுதுங்கள். அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்.

வாத்தியாரம்மா:
இருவரும் தாசேனை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டீர்கள்.

கெடிலக்கரை:
1761 பதிலடி மேடம், முதலில் கை வைத்தது லாலி, தேதி வரிசையைப் பாருங்கள். புல்வார்வாசி அதற்குப் பதில் சொல்லட்டும். அப்படியே மெட்டு யாருடையது என்று ஒரே வரியில், வளைக்காமல் எழுதட்டும். காத்திருக்கிறேன்.

புல்வார்வாசி:
பிரெஞ்சு.