பழைய கார்புரேட்டர் பாகங்களை இனங்காண உதவி தேவை

கேள்வி:
பழைய கார் ஒன்றை வாங்கியபோது அதனுடன் தகரப் பெட்டி ஒன்றும் வந்தது. அதில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) பாகங்கள் கலந்து கிடக்கின்றன. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் உள்ள, "எஃப் 16" என்று பொறிக்கப்பட்ட மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று; ஒரு முனை தடித்தும் மறுமுனை படிப்படியாக மெலிந்தும் உள்ள ஊசி ஒன்று, அதன் தடித்த பகுதியில் தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள்; நுனியில் சிவப்பு வண்ணம் பூசிய நீளமான ஸ்பிரிங்; சிறிய எஃகுக் குண்டு ஒன்றும் அதனோடு ஒட்டிக் கிடந்த பித்தளை எடையும். காரின் பெயரைக் கொண்டு தேடினால் இவை எந்தக் கார்புரேட்டருக்கு உரியவை என்று தெரிந்துவிடுமா?

பதில் 1:
காரின் பெயரை நம்ப வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் அதன் கார்புரேட்டரை யாராவது மாற்றியிருக்கக்கூடும். பாகத்தின் மேல் உள்ள எழுத்தையும் எண்ணையும்தான் முதலில் படிக்க வேண்டும். துளைகள் உள்ள குழாய், வெபர் நிறுவனக் கார்புரேட்டரின் எமல்ஷன் டியூப், அதாவது பெட்ரோலில் காற்றைக் கலக்கும் குழாய். டி.சி.ஓ.இ. என்ற வெபர் வகையில் இதன் அடியில் மெயின் ஜெட்டும் (பெட்ரோல் அளவாகச் செல்லும் நுண்துளைப் பாகம்) மேலே ஏர் ஜெட்டும் (காற்றுக்கான நுண்துளைப் பாகம்) செருகப்பட்டிருக்கும். இன்ஜின் வேகம் கூடி, குழாயைச் சுற்றியுள்ள பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க மேலும் பல துளைகள் வெளிப்பட்டுக் காற்றை உள்ளே விடுவதால், கலவையில் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகாமல் இருக்கிறது. "எஃப்" எண்கள் குழாயின் வடிவமைப்பைக் குறிக்கும் அடையாள எண்கள், மி.மீ. அளவுகள் அல்ல. ஜெட்டில் 120 என்று இருந்தால் அது 1.20 மி.மீ. துளை, ஆனால் 40 டி.சி.ஓ.இ. என்பதில் உள்ள 40, த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) இருக்கும் துளையின் மி.மீ. விட்டம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பதில் 2:
ஊசியும் ஸ்பிரிங்கும் வெபருக்கு உரியவை அல்ல, எஸ்.யு. என்ற வேறொரு நிறுவனக் கார்புரேட்டருடையவை என்பது என் கணிப்பு. அதில், காற்றின் ஓட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பிஸ்டன் (இன்ஜின் பிஸ்டன் அல்ல) மேலே எழும்போது ஊசியும் ஜெட்டிலிருந்து எழுந்து, மெலிந்த பகுதி துளைக்குள் வருவதால் பெட்ரோலுக்கு வழி அகலமாகிறது. சிவப்பு ஸ்பிரிங் நாலரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 128 கிராம் விசைக்கு உரியது. மஞ்சள் 8 அவுன்ஸ், பச்சை 12 அவுன்ஸ். எழுத்துகள் தேய்ந்திருந்தால் ஊசியின் தடிப்பை எட்டில் ஒரு அங்குல இடைவெளிகளில் மைக்ரோமீட்டரால் அளந்து, ஊசி அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 0.090 அங்குல ஜெட்டுக்கான ஊசியை 0.100 அங்குல ஜெட்டில் போடக் கூடாது. ஸ்ட்ராம்பர்க் சி.டி. என்ற கார்புரேட்டர் வகையிலும் இதே போன்ற ஊசி உண்டு. அங்கே பிஸ்டனுடன் ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) இருக்கும், எஸ்.யு.வில் இருக்காது. ஆகவே பெட்டியில் பிஸ்டன் கிடைத்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அலுமினிய பிஸ்டன் ஒன்று அடியில் கிடக்கிறது; ரப்பர் எதுவும் இல்லை, அதற்கான இடமும் அதில் தெரியவில்லை. அப்படியானால் இரண்டு கார்புரேட்டர்களின் பாகங்கள் கலந்துள்ளன. குண்டு எதனுடையது? இன்னொன்று, பெட்டியில் உள்ள ஜெட் ஒன்றின் துளை அடைபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிடலாமா?

பதில் 3:
குண்டு வெபருடையதாகவே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வழியில் குண்டும், அதன் மேல் எடையும் அமரும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சும்போது அவ்வழியே காற்று புகாமல் தடுப்பது அதன் வேலை. எஸ்.யு.வில் அப்படிப்பட்ட பம்ப்பே இல்லை. பிஸ்டனின் குழல் போன்ற தண்டுக்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டன் சட்டென்று எழுவதைத் தாமதப்படுத்தி, அந்தக் கணத்தில் கலவைக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைப் பெற்றுத் தருகிறது. குண்டு கீறலின்றி வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கம்பியை மட்டும் தொடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சிறிது அகன்றாலும் மேலே பொறித்த எண் பொய்யாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதினால் போதும். முன்பு யாராவது துளையிட்டுப் பெரிதாக்கியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், சுத்தம் செய்தபின் பின் கேஜ் (விட்டம் தெரிந்த மெல்லிய அளவுக் குச்சி) கொண்டு துளையைச் சரிபார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.