புதுப்பிப்பு: மார்ச் மாதக் கணக்கு வேலைக்கு நடுவே மசாலா டீ

மார்ச் 31 நெருங்கும்போது, கணக்கு முடிக்கும் அவசரத்துக்கு நடுவே எழுந்துபோய் நானே மசாலா டீ போடுவது மனதை அமைதிப்படுத்துகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இஞ்சி சேர்த்தால் பால் திரிந்துவிடுகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அதனால் தட்டிய இஞ்சி, 2 ஏலக்காய், 1 கிராம்பு, 4 மிளகு எல்லாவற்றையும் முதலில் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். அப்புறம் டீத்தூள். கடைசியில்தான் காய்ச்சிய பால்.

இன்னொரு மாற்றம், கடையில் விற்கும் மசாலாப் பொடியை விட்டுவிட்டேன். சிறு உரலில் இடிக்கும் அந்த நேரம்தான் எனக்கு வேண்டியது. ஏலக்காய் உடைந்து வாசனை எழும்பும்போதே தோள் தளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் போனை எடுப்பதே இல்லை.

வேலை இரவு வரை இழுத்தால் தேயிலை வேண்டாம், கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். அதில் பாலே கிடையாது, திரியுமோ என்ற கவலையும் இல்லை.