வெண்ணாற்றங்கரை சொந்தங்கள்

பாலு: தஞ்சாவூரில்தான் இருக்கிறோம். சித்தப்பா ஐசியுவில். ஆபரேஷன் இப்போது இல்லையாம். கண்காணிக்கிறோம் என்கிறார்கள்.

குமார் சிங்கப்பூர்: உள்ளே இரத்தக்கசிவு என்று காலையில் நீதானே சொன்னாய்? அப்புறம் என்ன கண்காணிப்பு?

வசந்தா அத்தை: ஆத்தா மாரியம்மா 🙏🙏

ராஜமாணிக்கம் பெரியப்பா: சேற்றுக்கான இரும்புச் சக்கரம், அந்தக் கேஜ்வீல் போட்ட டிராக்டரை அவன் ஏன் எடுத்தான்? சேறடிக்க முத்துவைக் கூப்பிடு என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

பாலு: முத்து வரவில்லை பெரியப்பா. வண்டி வரப்பில் ஏறிச் சாய்ந்ததில் ஸ்டியரிங் மேல்வயிற்றில் இடித்துவிட்டது.

குமார் சிங்கப்பூர்: பிரைவேட்டுக்கு மாற்று. பணம் நான் போடுகிறேன்.

ராஜமாணிக்கம் பெரியப்பா: நாலு மா நில விவகாரத்திலும் இப்படித்தான் சொன்னாய்.

வசந்தா அத்தை: அண்ணா, அது இப்ப எதுக்கு

செந்தாமரை திருச்சி: டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். பாலு, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடு.

பாலு: 📷

முருகேசன் மாமா: நர்ஸம்மா வந்தாச்சு. இனி அது சொல்லட்டும்.

செந்தாமரை திருச்சி: படித்துவிட்டேன். கல்லீரல் கிழிந்திருக்கிறது. அதை ஒட்டிப் பின்னால் போகும் வீனா கேவாவிலும் காயம். கால், வயிறு எல்லாவற்றிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகிற பெரிய சிரை அது. பெயரைக் கேட்டதும் பயப்படாதீர்கள். தமனியில் அழுத்தம் 120 வரை இருக்கும். இந்தச் சிரையில் சாதாரணமாக 10க்கும் கீழேதான். அதனால் கசிந்த இரத்தம் உறைந்து, கல்லீரலும் சுற்றியுள்ள திசுவும் அழுத்திப் பிடிக்க, ஓட்டை தானாக அடைபட வாய்ப்பு உண்டு. மருந்து செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனிலும் மருந்து வெளியே ஒழுகவில்லை என்றுதான் போட்டிருக்கிறது.

முருகேசன் மாமா: கடைமடை வாய்க்கால் உடைப்பு மாதிரி. தண்ணி வேகம் இல்லாட்டி மண்ணே அடைச்சுக்கும்.

செந்தாமரை திருச்சி: அதேதான் மாமா. வயிற்றைத் திறந்து கல்லீரலைத் தூக்கினால் அந்தப் பிடிமானம் போய்விடும். இரத்தம் கொட்டும். அந்த இடத்தில் கை போவதே கஷ்டம். பெரிய பெரிய மருத்துவமனைகளிலேயே மேஜையில் உயிர் போயிருக்கிறது. பிபி நிலையாக இருக்கும்வரை தொடாமல் இருப்பதும் வைத்தியம்தான் குமார் அண்ணா. பிபி இறங்கினால், நாடித்துடிப்பு ஏறினால், ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போனால் அந்தக் கணமே ஆபரேஷன் தியேட்டர். இரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். இந்த நிலைமையில் ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்குக் குலுக்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் பயம்.

குமார் சிங்கப்பூர்: சரி. ஆனால் இன்னொரு டாக்டரிடமும் கேட்போம்.

கமலா சித்தி: ரிப்போட்டைக் காட்டிக் கேக்கட்டும். அவருக்கு நெஞ்சு மாத்திரை மத்தியானம் குடுக்கணுமே, பையில இருக்கு

செந்தாமரை திருச்சி: சித்தி, என்ன மாத்திரை?

கமலா சித்தி: சின்ன மஞ்ச மாத்திரை. ஈகோஸ்பிரின்னு போட்டிருக்கு

செந்தாமரை திருச்சி: எதுவும் கொடுக்காதீர்கள்!! பாலு, அட்டையோடு உள்ளே போய் டியூட்டி டாக்டரிடம் காட்டு. அது இரத்தம் உறையவிடாது. கடைசியாகச் சாப்பிட்டதன் வேலையே ஒரு வாரம் நிற்கும். அவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

பாலு: போகிறேன்

வசந்தா அத்தை: நான் வரும்போது தைலம் எடுத்துட்டு வரவா, காலாவது பிடிச்சு விடலாம்

செந்தாமரை திருச்சி: வேண்டவே வேண்டாம் அத்தை. படுத்தே இருப்பதால் கால் சிரையில் இரத்தக் கட்டி உருவாகலாம். அமுக்கிவிட்டால் அது நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். கட்டி வராமல் இருக்க ஊசி உண்டு, ஆனால் கசிவு நின்றது உறுதியான பிறகுதான் ஆரம்பிப்பார்கள். அந்த நாளை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முருகேசன் மாமா: நம்மைக் காக்கும் 48னு அரசுத் திட்டம் இருக்கே, அதுல வராதா?

பாலு: அது சாலை விபத்துக்கு மாமா. இது வயல். காப்பீட்டு அட்டை கேட்டார்கள். சித்தி, அட்டை எங்கே?

கமலா சித்தி: பச்சை டிரங்குப் பெட்டி. சாவி பெரிய மாமா வீட்ல

ராஜமாணிக்கம் பெரியப்பா: எங்கள் வீட்டில் எந்தச் சாவியும் இல்லை.

பாலு: மாத்திரையைச் சொல்லிவிட்டேன். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். ஹீமோகுளோபின் காலையில் 9.8, இப்போது 9.6.

செந்தாமரை திருச்சி: பெரிய இறக்கம் இல்லை. அடுத்ததையும் பார்க்க வேண்டும். இரத்தம் கொடுக்க யார் வருகிறீர்கள்? 45 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஆண்கள் என்றால் கடைசியாகக் கொடுத்து 3 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

முருகேசன் மாமா: நான் வர்றேன்

செந்தாமரை திருச்சி: 65 தாண்டிவிட்டது மாமா உங்களுக்கு.

முருகேசன் மாமா: ஆதார்ல கம்மி

வசந்தா அத்தை: 🙏 ஞாயித்துக்கிழமை காதுகுத்தை என்ன பண்றது? பந்தலுக்கு முன்பணம் குடுத்தாச்சு

ராஜமாணிக்கம் பெரியப்பா: தாய்மாமன் படுத்துக் கிடக்கும்போது யார் மடியில் வைத்துக் குத்துவது? தள்ளிப் போடுங்கள்.

வசந்தா அத்தை: ஆடி வந்துடும் அண்ணா

குமார் சிங்கப்பூர்: நான் வெள்ளிக்கிழமை டிக்கெட் பார்க்கிறேன். காதுகுத்துக்கு இல்லை, சித்தப்பாவுக்கு.

ராஜமாணிக்கம் பெரியப்பா: வா. திருச்சிக்கு வண்டி அனுப்புகிறேன்.

பாலு: இரத்தத்துக்கு நானும் முத்துவும். இன்னும் இரண்டு பேர் வேண்டும். நாற்றங்காலுக்கு இன்று யார் மோட்டார் போடுவது? மும்முனை மின்சாரம் வந்துவிட்டதாம்.

முருகேசன் மாமா: நான் போறேன். அப்படியே சாவியும் தேடுறேன்.