தாய்ச்சி, சீகோங் செய்தவர்கள் சொல்லுங்கள் (மலேசியா, சுங்கை சிப்புட் திடலில் அம்மாவுக்கு நடந்தது)

திடலோரம்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 67 வயது. போன வருஷம் குளியலறையில் இரண்டு தடவை விழுந்தார், இரண்டாவது தடவை மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்கப்புறம் வாசல்படி இறங்கக்கூட சுவரைத் தேடும் கை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிதான் விடாப்பிடியாகத் திடலுக்கு இழுத்துப் போனார், தாய்ச்சி, சீகோங் என்று மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சிக்கு. உங்களுக்கே தெரியும், காலை ஆறரைக்கு ஒரு பழைய ரேடியோ, பத்துப் பதினைந்து பேர், எல்லார் காலிலும் கேன்வாஸ் சப்பாத்து, முன்னால் சொல்லிக்கொடுக்க ஒரு சீனக் கிழவி, அவர்தான் சிஃபு. அம்மா மட்டும் பாத்தேக் கைலி.

இரண்டாவது வாரம். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை மெதுவாக முன்னால் தள்ளும் இடம். சிஃபு ஒவ்வொருவர் தோளாகத் தட்டிக்கொண்டே வந்தார். "பெலான், பெலான். பாஹு காசி துருன்." மெதுவாக, தோளை இறக்கு என்று மலாயில். அம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். வலது தோளைத் தட்டினார், இறங்கவில்லை. மறுபடியும் தட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே தமிழிலேயே, "அது எறங்காதும்மா, காண்டா தூக்குன தோளு" என்றார். காண்டா என்றால் ரப்பர்ப் பால் வாளிகளை இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு. அது அழுத்தி அழுத்தித் தோள் காய்த்துவிடும். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, அம்மாவின் சட்டைக் கழுத்தை லேசாக விலக்கி அந்தக் காய்ப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் தன் காலரை இழுத்துக் காட்டினார். அங்கேயும் அதே மாதிரி ஒரு திரட்சி, கோலிக்குண்டு அளவுக்கு.

ரேடியோ பாட்டுக்கு ஓடுகிறது. பின்வரிசைக்காரர்கள் நீட்டிய கையோடு நிற்கிறார்கள். நான் போனை இறக்கிவிட்டேன். ஏன் இறக்கினேன் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

எட்டு மாதமாகப் போகிறார். இதுவரை விழவில்லை. முந்தாநாள் மேல்தட்டுச் சட்டியை எடுக்க ஒற்றைக்காலில் எக்கிக்கொண்டு நின்றார், பயந்து கத்தியது நான்தான். தோள் மட்டும் இறங்கவே இல்லை. இப்படி யாருக்காவது சரியாகி இருக்கிறதா?

பழைய லோரி:
தோள் இறங்காது தம்பி. முப்பது வருஷம் இரண்டு வாளி ரப்பர்ப் பாலைச் சுமந்த எலும்பு. கையை ஆட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்புறம் சீனக் கிழவிக்குக் காண்டாக் காய்ப்பு என்பதும் எனக்கு இடிக்கிறது. அது கொழுப்புக் கட்டியாக இருக்கும். டாக்டரிடம் காட்டச் சொல்லு.

நான் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. மகள் சொன்னாளே என்று தாய்ச்சிக்குப் போனேன். அதில் பாம்பு இறங்குவது என்று ஒன்று வரும், ஒரு காலை மடக்கி இன்னொரு காலைத் தரையோடு நீட்டி உட்கார வேண்டும். எனக்கு முன்னால் எழுபது தாண்டிய ஒரு ஆப்பேக், சீனப் பெரியவர், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இறங்கினார். விடுவேனா? நானும் இறங்கினேன். இறங்கினது இறங்கினதுதான். ஒரு கை புல்லில், ஒரு கை காற்றில். சுற்றிலும் சப்பாத்துகள்தான் தெரிகின்றன. அந்த ஆப்பேக் ஒன்றும் பேசாமல் தன் குடையின் கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். அதைப் பிடித்துத்தான் எழுந்தேன். முட்டி வீங்கி ஒன்பது நாள் வீட்டில் கிடந்தேன்.

அறுபதைத் தாண்டியவர்கள் யாரோடும் போட்டி போடாதீர்கள். பாதி இறங்கினால் போதும். முட்டி பெருவிரல் பார்க்கிற திசையையே பார்க்கட்டும், உள்ளே சாயக் கூடாது. இதையெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
லோரி அண்ணே, சீனர் காண்டா தூக்கவில்லையா? நம் ஊர்க் கதை நமக்கே மறந்துவிட்டதா? 1948 ஜூனில் இங்கேதான் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைச் சுட்டு அவசரகாலம் வந்தது. 1950க்கு அப்புறம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுக்க, காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களை லோரியில் ஏற்றிக் கம்பிவேலிக்குள் குடிவைத்தார்கள். இன்றைய புதுக்கம்பங்கள் அப்படி வந்தவை. அங்கிருந்து எத்தனை பேர் விடியலில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போனார்கள் என்று உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சின்னத்தோட்டக்காரர்களிலும் சீனர் நிறையப் பேர் இருந்தார்கள்.

இன்னொன்று. திடலில் நடப்பதெல்லாம் தாய்ச்சி இல்லை. மலேசியாவில் காலையில் வரிசையாக நின்று கையை வீசிச் செய்வது பல இடங்களில் லுக் துங் குன், 36 அசைவு. தாய்ச்சியில் எல்லாரும் கற்றுக்கொள்கிற 24 அசைவுத் தொகுப்பு 1956ல் சீன அரசு விளையாட்டுத் துறை யாங் பாணியிலிருந்து சுருக்கியது. எட்டே அசைவு, நின்ற இடத்திலேயே செய்வது என்றால் பாதுவான்ஜின், அது சீகோங். ஈப்போ சீனிவாசகம் பூங்காவுக்கு ஒரு ஞாயிறு காலை போனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

என் அனுபவமா? 24ஐ மனப்பாடம் செய்யவே எனக்கு ஏழு மாதம். ஒருநாள் திரும்பிக் குதிகாலால் உதைக்கிற இடத்தில் எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிரில் ஓய்வுபெற்ற சீன டீச்சர், மூக்குக்கு மூக்கு. அவர் முகம் அசையவே இல்லை. உதட்டோரம் மட்டும் துடித்தது. ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்து நின்றதற்கப்புறம் எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

இரவு வேலை மிஸ்ஸி:
முதல் பதிவு போட்டவருக்கு: கீழே விழாமல் இருப்பது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் ஒரேகனில், எழுபது வயதைத் தாண்டி ஏற்கெனவே விழுந்தவர்களும் நடையில் தடுமாற்றம் உள்ளவர்களுமாக 670 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2018ல் வெளிவந்தது. வாரம் இரண்டு நாள், ஆறு மாதம். தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது, சும்மா நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவு. காரணம் எளிது. அதில் ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதையும் ஒரு காலில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த காலைத் தூக்குவார்கள். ஒரு கால் காலி, ஒரு கால் நிறை. கணுக்காலும் இடுப்பும் அதையே நூறு தடவை பழகுகின்றன. குளியலறையில் வழுக்கும் அரை நொடியில் காப்பாற்றுவது அந்தப் பழக்கம்தான்.

லோரி அண்ணனுக்கு: முட்டிவலிக்குத் தாய்ச்சி ஆகாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2016ல் பாஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் சோதித்ததில், 12 வாரத்தில் பிசியோதெரபிக்குச் சமமாக வலி குறைந்தது. நீங்கள் இறங்கிய விதம்தான் தப்பு. ரத்த அழுத்தம் எல்லையில் இருப்பவர்களுக்கும் நல்லது: சீனாவில் 342 பேர் ஒரு வருஷம் செய்ததில் மேல் எண் சுமார் 7 குறைந்தது, வேக நடை, ஓட்டம், சைக்கிள் என்று வேர்க்க விறுவிறுக்கச் செய்தவர்களுக்குச் சுமார் 5. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! எங்கள் வார்டுக்கு அப்படி வந்து படுப்பவர்கள் வாராவாரம் உண்டு.

என் கதை சின்னது. மாமியாருக்கு 20 வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. ஒருநாள் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்து வந்து உட்கார்ந்தார். ஒரு காலில்தான் சிலிப்பர் இருந்தது. இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடக்கிறது. "எங்க அத்தை உங்க சிலிப்பரு?" என்றேன். குனிந்து பார்த்து, "ரெண்டும் இருக்குன்னுதான் நெனச்சேன்" என்றார். கால் மரத்துப்போய் அவருக்குத் தெரியவே இல்லை. இப்போது தாய்ச்சிக்கு அனுப்புகிறேன். மரத்த கால் அதனால் திரும்பிவிடாது, ஆனால் நிதானம் வந்திருக்கிறது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனியுங்கள். வெறுங்காலோடு திடலில் நிற்காதீர்கள். புல்லில் கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போகவே கூடாது, இரண்டு பிஸ்கட்டாவது. பையில் மிட்டாய் வையுங்கள். மூச்சை அடக்காதீர்கள், நிற்கும்போது தலை சுற்றினால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், அதற்கும் முறை இருக்கிறது.

பழைய லோரி:
மிஸ்ஸி, நான் ஆகாது என்று எங்கே சொன்னேன்? பாதி இறங்கு என்றுதானே சொன்னேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

கோவில் தெரு:
எல்லாம் சரி, நம்மிடம் யோகாசனம் இல்லையா, மூச்சுப்பயிற்சி இல்லையா, அதை விட்டுவிட்டு ஏன் அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும்? இதை நான் கேட்கவில்லை, எங்கள் கோவில் கமிட்டியில் கேட்டார்கள். பெண்கள் குழு, கோவில் மண்டபத்தில் செவ்வாய் காலையில் சீகோங் நடத்த அனுமதி கேட்டது. ஒருவர் எழுந்து இது சீனர் சாமி கும்பிடுவது, மண்டபத்தில் விடக்கூடாது என்றார். இன்னொருவர் அப்படியானால் மண்டபத்தில் பிறந்தநாள் கேக் வெட்டலாமா என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம். தேநீரும் வடையும் இரண்டு சுற்றுப் போயின.

கடைசியில் சரி, என்னதான் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்றார்கள். ஒரு அக்காள் முன்னால் வந்து வில் வளைக்கிற அசைவைச் செய்தார். கால் அகட்டி, குதிரையேறிய மாதிரி நின்று, ஒரு கையை நீட்டி, ஒரு கையால் நாணை இழுக்க வேண்டும். கடுமையாக எதிர்த்த அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, "அப்படி இல்லம்மா, முழங்கை மேல வரணும்" என்றார். எழுந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இழுத்துக் காட்டினார். சின்ன வயசில் தோட்டத்துக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவராம். இழுத்தவர் விடவே இல்லை, கை நடுங்குகிறது, கண் எங்கேயோ பார்க்கிறது. யாரும் கைதட்டவில்லை. செவ்வாய் ஏழு மணி என்று செயலாளர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

யோகா செய்பவர்கள் யோகா செய்யுங்கள். ஆனால் பாயில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு நின்றபடி செய்வது வசதி, அவ்வளவுதான் என் கட்சி.

ரெண்டாம் டிவிசன்:
இங்கே யாரும் குவோலின் பற்றிச் சொல்லவில்லை. நடந்துகொண்டே செய்யும் சீகோங். குவோலின் என்பவர் ஒரு ஓவியர், கருப்பைப் புற்றுநோய் வந்தவர். எழுபதுகளில் பெய்ஜிங் பூங்காக்களில் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். முன்பாத விரலைத் தூக்கிக் குதிகாலை முதலில் வைக்க வேண்டும். மூக்கால் இரண்டு தடவை இழுத்து ஒரு தடவை விட வேண்டும். ஸீ, ஸீ, ஹூ. ஸீ, ஸீ, ஹூ.

என் மனைவிக்கு மார்பில் வந்தது. கீமோ நடந்துகொண்டிருந்தபோது ஈப்போவில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டேன். விடியலில் மைவி காரில் ஏற்றிக்கொண்டு போவேன். பூங்காவில் தலையில் துணி கட்டிய பெண்கள், மலாய்க்காரர் ஒருவர், சீனர் பத்துப் பேர், எல்லாரும் ஒரே திசையில் அதே சத்தத்தோடு நடந்து போவார்கள். அவளுக்கு வாந்தி நின்றது என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தது. காரில் வரும்போது பசிக்கிறது என்று கேட்பாள். அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

அங்கே வந்த ஒரு ஆள் அவளிடம் கீமோவை விட்டுவிடு, இதுவே போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. அவள்தான் நடையை நிறுத்தாமலே அவனைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு இழு, ஒண்ணு விடு. பேசினா கணக்கு தப்புது" என்றாள். ஊசி எல்லாவற்றையும் முடித்தாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஐந்தடிப் பாதையில் எவனாவது சளி பிடித்து மூக்கை இழுத்தால்கூட நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, மன்னிக்கணும். நான் அசைவு எண்ணிக்கொண்டிருந்தேன்.

திடலோரம்:
எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி சொன்ன பிஸ்கட்டை அம்மா பையில் போட்டுவிட்டேன், இனிப்பு நீர் இல்லையென்றாலும். லோரி அண்ணன் சொன்னதைச் சிஃபுவிடம் மலாயில் கேட்டேன். கட்டியா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று. சிரித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் கம்போங் பக்கம் கித்தா (ரப்பர்) மரம் வெட்டப் போனதாகச் சொன்னார், 18 வருஷம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் முதல்தடவையாகக் கேட்டேன். அன்றைக்குத் திடலில் அவரை அப்படி உற்றுப் பார்த்தீர்களே, என்ன நினைத்தீர்கள் என்று. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தார்.

"அவளுக்கு எடது தோளுடா" என்றார். "எடது கை வெட்டா இருந்திருக்கணும். மர நெரையில அந்தக் கையிக்காரங்களுக்குக் கத்தி அமையாது, ரொம்ப சிரமப்பட்டிருப்பா."